காக்க வைக்கும் கனவான்கள்!

ஆகாய விமானத்துக்கும் அடி அண்ணாமலைக்கும் என்ன தொடர்பு என்று நம் தோழர்கள் கேட்கலாம். மலையின் பின்புறத்தே, கிரிவலப் பாதையின் நடுவழியில் இருக்கிற சிற்றூர் அது. ஏரையும் மண்வெட்டியையும் நம்பி வாழ்கிறவர்களும், கட்டட வேலைக்குப் பெங்களூருக்கும் சென்னைக்கும் மூட்டை கட்டிப் போகிறவர்களும் நிறைந்த வட்டாரம் அது. மாவட்டம் முழுவதும் தேடினாலும் ஒரு விமான நிலையம் கிடையாது. தலைக்கு மேலே புள்ளியாய்ப் போகிற விமானத்தை அண்ணாந்து பார்ப்பதோடு சரி, அது பணக்காரர் ஏறுகிற பல்லக்கு என்று எண்ணி இருந்த காலம் ஒன்று உண்டு.

அந்தக் காலம் போய்விட்டது. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் வேலை தேடிப் போகிற தமிழன் விமானத்தில்தான் போகிறான். நாலு மணி நேரம் பஸ்ஸில் வந்து, மீனம்பாக்கத்தில் இறங்கி, கடன் வாங்கிய பணத்தில் எடுத்த டிக்கெட்டைச் சட்டைப் பைக்குள் பத்துத் தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கிறானே, அவனுக்கு அந்த விமானம் பல்லக்கு அல்ல. பிழைப்புக்குப் போகும் வண்டி. அந்த வண்டி ஒரு மணி நேரம் தாமதித்தால் அடுத்த விமானம் தவறும். அடுத்த விமானம் தவறினால் வேலையில் சேரும் நாள் தவறும். அந்த நாள் தவறினால் ஊரில் வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் தவறாமல் ஏறும்! ஆகவேதான் இதனை எழுதுகிறோம். விமானத்தைத் தாமதப்படுத்துகிறவன் யார், அவனை நாடு எப்படி நடத்துகிறது என்பது இன்று பாட்டாளியின் பிரச்னை.

திருச்சிக்குப் போன ஒரு விமானத்தின் கதையை முதலில் எடுத்துக்கொள்வோம்.

2022ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள். சென்னையிலிருந்து திருச்சிக்குப் புறப்பட வேண்டிய இண்டிகோ நிறுவனத்தின் விமானம். பயணிகள் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவசர கால வழிக்கான கதவு திறந்துகொண்டது. தானாகத் திறக்கவில்லை, பயணி ஒருவரால் திறக்கப்பட்டது. பயணிகள் இறக்கப்பட்டார்கள், பொறியாளர்கள் வந்தார்கள், சோதனை நடந்தது, ஏறத்தாழ இரண்டு மணி நேரத் தாமதத்துக்குப் பிறகே விமானம் கிளம்பியது என்று ஏடுகள் எழுதின. இந்தச் செய்தியை ஏடுகள் எழுதியது எப்போது? மறுநாளா? அந்த வாரமா? இல்லை. பொங்கலும் கழிந்து, 2023ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் நடுவில்! ஒரு மாதத்துக்கு மேல் ஊருக்கு விவரம் தெரியாது.

செய்தி வெடித்ததும் நிறுவனம் ஓர் அறிக்கை தந்தது. பயணி ஒருவர் தவறுதலாகக் கதவைத் திறந்துவிட்டார், உடனே வருத்தம் தெரிவித்தார், நடைமுறைப்படி நிகழ்ச்சி பதிவு செய்யப்பட்டது, சோதனையால் தாமதம் நேர்ந்தது என்பது அதன் சாரம். யார் அந்தப் பயணி? பெயர் இல்லை. ஊரெல்லாம் பேசிய பெயர், அறிக்கையில் மட்டும் இல்லை. மறுநாள், ஜனவரி 18 அன்று, விமானத் துறை அமைச்சராக இருந்த ஜோதிராதித்ய சிந்தியா வாய் திறந்தார். கதவைத் திறந்தவர் பெங்களூரு தெற்குத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரும், பாரதிய ஜனதாக் கட்சியின் இளைஞர் அணித் தேசியத் தலைவராக இருந்தவருமான தேஜஸ்வி சூர்யா. அது தவறுதலாக நடந்தது. அவரே ஊழியரிடம் சொல்லி, தாமதத்துக்காக வருத்தமும் தெரிவித்துவிட்டார் என்றார். அதோடு கதை முடிந்தது.

அதே விமானத்தில் அந்தக் கட்சியின் அப்போதைய மாநிலத் தலைவர் அண்ணாமலையும் இருந்தார். பேரில் மட்டும் நம் அடி அண்ணாமலைக்கு உறவு! சூர்யா கதவைத் திறக்கவில்லை, படித்தவர் அப்படிச் செய்வாரா, பொறுப்புள்ளவர் என்பதால் வருத்தம் தெரிவித்தார் என்ற பொருளில் அவர் விளக்கம் அளித்தார். அமைச்சர் ஒன்று சொல்ல, மாநிலத் தலைவர் வேறொன்று சொல்ல, எழுபதுக்கு மேற்பட்டோர் அமரக்கூடிய விமானத்தில் காத்துக் கிடந்த மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்க மட்டும் யாரும் இல்லை.

ஒரு கதவு திறந்தால் என்ன, மறுபடி சாத்திக்கொண்டு போகக்கூடாதா என்று சிலர் நினைக்கலாம். பஸ் கதவு அல்ல அது. விமானம் மேலே ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறையும். உள்ளே மனிதன் மூச்சுவிடத் தக்க அழுத்தத்தை இயந்திரங்கள் காத்து நிற்கும். கதவின் விளிம்பில் ஒரு சிறு பிசகு இருந்தாலும் அந்தக் காப்பு கெடும். ஆகவே திறந்த கதவை ஊழியர் ஒருவர் தள்ளிச் சாத்திவிட்டால் போதாது. உரிமம் பெற்ற பொறியாளர் வந்து, பூட்டையும் ரப்பர் விளிம்பையும் பார்த்து, பறக்கத் தகுந்தது என்று கையெழுத்திட்டாக வேண்டும். அந்தக் கையெழுத்துக்கு எடுக்கும் நேரத்தை நாம் குறை சொல்லவில்லை. அந்தப் பொறியாளர் பதறாமல் தன் வேலையைச் செய்ததால்தான் அத்தனை உயிரும் பத்திரமாகத் திருச்சி போய்ச் சேர்ந்தது. வேலை செய்தவரை வாழ்த்துகிறோம். வேலை வைத்தவரைப் பற்றியே பேசுகிறோம்.

பயணியால் நேரும் தாமதம் மூன்று வகைப்படும். அறியாமையால் நேர்வது ஒன்று. அலட்சியத்தால் நேர்வது இன்னொன்று. ஆணவத்தால் நேர்வது மூன்றாவது. மூன்றையும் ஒரே தராசில் நிறுப்பது நீதி ஆகாது.

அறியாமைக்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறோம். 2017ஆம் ஆண்டு ஜூன் 27 அன்று சீனாவின் ஷாங்காய் நகரில், எண்பது வயது மூதாட்டி ஒருவர் விமானத்தில் ஏறும்போது, பயணம் நலமாக அமையட்டும் என்று வேண்டிக்கொண்டு, கையிலிருந்த காசுகளை விமான இயந்திரத்தின் மீது வீசினார். ஒன்பது காசுகள்! ஒன்று இயந்திரத்துக்குள் விழுந்துவிட்டது. பறக்கும்போது அது சுழல் தகடுகளில் சிக்கியிருந்தால் நலமாக அமையவேண்டிய பயணம் என்ன ஆகியிருக்கும்? அத்தனை பேரையும் இறக்கி, காசுகளைத் தேடி எடுத்து, விமானம் கிளம்ப ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. முதுமையைக் கருதி அந்த அம்மையாரைத் தண்டிக்காமல் விட்டார்கள். சரிதான். ஆற்றுப் பாலத்தில் ரயில் போகையில் காசு வீசும் பழக்கம் நம்மிடமும் உண்டு. மூடப் பழக்கத்தைத் தண்டனையால் ஒழிக்க முடியாது. எடுத்துச் சொல்லித்தான் ஒழிக்க வேண்டும். தெரியாமல் செய்தவனுக்குத் தெரியச் செய்வதே மருந்து.

அலட்சியம் அப்படி அல்ல. பெட்டியை ஒப்படைத்துவிட்டு, கடையில் வாசனைத் திரவியம் பார்த்துக்கொண்டு நிற்கிறவன் இருக்கிறான். பெயரைச் சொல்லி அழைக்கிறார்கள். மூன்று முறை அழைக்கிறார்கள். அவன் அசையவில்லை. அவனை விட்டுவிட்டு விமானம் போகலாமே என்றால், போக முடியாது. அவன் பெட்டி விமானத்தின் வயிற்றுக்குள் இருக்கிறது. ஆள் இல்லாத பெட்டியை ஏற்றிச் செல்லக்கூடாது என்ற விதி சும்மா வந்ததல்ல. 1985ஆம் ஆண்டு ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக் கடலோரம் வானில் வெடித்துச் சிதறி 329 பேர் மாண்டார்களே, அந்த வெடிகுண்டு ஏறியது ஆள் ஏறாத பெட்டியில்தான். அந்த விதிக்கு உரமாக விழுந்தவை அத்தனை உயிர்கள். ஆகவே, ஒருவன் வராவிட்டால், சுமை ஏற்றும் தொழிலாளி மீண்டும் விமானத்தின் வயிற்றுக்குள் ஊர்ந்து போய், நூற்றுக்கணக்கான பெட்டிகளுக்கு நடுவே அந்த ஒரு பெட்டியைத் தேடி எடுக்க வேண்டும். வெளியே வெயிலில் வியர்வை சிந்துகிறவன் அந்தத் தொழிலாளி. உள்ளே புழுங்கிக் கிடப்பவர்கள் மற்றப் பயணிகள். கடைசியில் கையில் பையோடு சிரித்துக்கொண்டே ஏறி வருகிறார் கனவான்! ‘பையில் என்ன?’ என்று சோதனையிடுபவர் கேட்டால் ‘குண்டு’ என்று வேடிக்கை பேசுகிறவனும் இந்த வகையே. அவன் வேடிக்கைக்கு விமானம் முழுவதும் விலை கொடுக்கிறது.

ஒரு விமானத்தின் தாமதம் அந்த ஒரு விமானத்தோடு நிற்பதில்லை என்பதையும் தோழர்கள் அறிய வேண்டும். காலையில் திருச்சி போன விமானமே திரும்பிச் சென்னை வரும். பிறகு அதுவே வேறோர் ஊருக்குப் போகும். காலையில் ஒருவர் தின்ற நேரத்தை மாலை வரை பல ஊர்ப் பயணிகள் கடனாய்ச் சுமக்கிறார்கள். விமானிக்கும் பணிப்பெண்ணுக்கும் இத்தனை மணி நேரம்தான் வேலை என்று வரம்பு உண்டு. தாமதம் அந்த வரம்பைத் தாண்டினால், அவர்களை மாற்றி வேறு ஆள் வர வேண்டும். ஒருவர் கதவில் கை வைத்தால் அந்தக் கை எத்தனை பேர் வயிற்றில் அடிக்கிறது பாருங்கள்!

இனி, மூன்றாம் வகைக்கு வருவோம். ஆணவம்!

2017ஆம் ஆண்டு மார்ச் 23. புனேயிலிருந்து டெல்லிக்கு ஏர் இந்தியா விமானத்தில் வந்தார் சிவசேனைப் பாராளுமன்ற உறுப்பினர் ரவீந்திர கெய்க்வாட். உயர் வகுப்புச் சீட்டு தம்மிடம் இருக்க, உயர் வகுப்பே இல்லாத விமானத்தில் உட்கார வைத்துவிட்டார்கள் என்பது அவர் குறை. குறை இருக்கலாம். எழுதிக் கொடுக்கலாம், வழக்குப் போடலாம். அவர் செய்தது என்ன? டெல்லியில் எல்லாரும் இறங்கிய பிறகும் இறங்க மறுத்து உட்கார்ந்துகொண்டார். அடுத்த ஊருக்குப் போகவேண்டிய விமானம் நின்றது. இறங்கச் சொல்லிக் கேட்க வந்த, அறுபது வயதை எட்டிய அதிகாரியைச் செருப்பால் அடித்தார். அடித்ததை மறைத்தாரா? இல்லை; இருபத்தைந்து அடி அடித்தேன் என்று ஊரறியச் சொன்னார்!

விமான நிறுவனங்கள் ஒன்று சேர்ந்து அவரை ஏற்றமாட்டோம் என்றன. ஊழியரின் முதுகெலும்பு நிமிர்ந்தது. எத்தனை நாள்? இரண்டு வாரம்! பாராளுமன்றத்தில் கூச்சல், அமைச்சரைச் சூழ்ந்துகொண்டு அமளி. ஏப்ரல் 7 அன்று தடை நீங்கியது. அதே ஏப்ரல் 27 அன்று, சிம்லாவில், சிற்றூர்களை விமானத்தால் இணைக்கும் உடான் திட்டத்தின் முதல் விமானத்தை வழியனுப்பி வைத்தார் பிரதமர் மோடி. ரப்பர் செருப்புப் போட்டவனும் விமானத்தில் பறக்க வேண்டும் என்பது தம் விருப்பம் என்றார். நல்ல விருப்பம். ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்புதான், செருப்பு விமானத்துக்குள் வந்துவிட்டிருந்தது, ஏழையின் காலில் அல்ல, எம்.பி.யின் கையில்!

அது நடந்து மூன்று மாதம் ஆகவில்லை. ஜூன் 15 அன்று விசாகப்பட்டினம் விமான நிலையத்தில் தெலுங்கு தேசப் பாராளுமன்ற உறுப்பினர் ஜே.சி. திவாகர் ரெட்டி தாமதமாக வந்தார். சீட்டு வழங்கும் நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். எவருக்கும் அதுதான் விதி. அவரோ அச்சுப் பொறியைத் தூக்கித் தள்ளினார். அதற்கு முன் 2015 ஜூனில், லே நகரில், மத்திய இணை அமைச்சர் கிரண் ரிஜிஜுவுக்கு இடம் தருவதற்காக ஏற்கெனவே ஏறியிருந்த மூன்று பேரை இறக்கினார்கள். விவரம் தமக்குத் தெரியாது என்று அவர் பின்னர் வருத்தம் தெரிவித்தார். அதே மாதம், மகாராஷ்டிர முதலமைச்சருடன் அமெரிக்கா போகவிருந்த அதிகாரி ஒருவர், செல்லத்தக்க விசா உள்ள பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டு வந்ததால், மும்பையிலிருந்து நியூவார்க் போகும் விமானம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாமதித்தது. சாமானியன் ஒருவன் பாஸ்போர்ட்டை மறந்து வந்தால் விமானம் நிற்குமா? ‘வீட்டுக்குப் போய் எடுத்துக்கொண்டு அடுத்த மாதம் வா’ என்பார்கள்!

உலகில் எங்கும் இப்படித்தான் என்று சமாதானம் சொல்ல வேண்டாம். தென்கொரியாவைப் பாருங்கள். 2014ஆம் ஆண்டு டிசம்பர் 5 அன்று நியூயார்க் விமான நிலையத்தில், கொரியன் ஏர் நிறுவனத் தலைவரின் மகளும் அந்த நிறுவனத்தின் துணைத் தலைவருமான சோ ஹியூன்-ஆ, தமக்குப் பருப்பைத் தட்டில் வைக்காமல் பொட்டலமாகக் கொடுத்துவிட்டார்கள் என்று சீறி, நகரத் தொடங்கிய விமானத்தைத் திருப்பச் செய்து, பணியாளர் தலைவரை இறக்கிவிட்டார். சொந்தக் கம்பெனி, சொந்த விமானம், சம்பளம் வாங்கும் ஆள், யார் கேட்பது என்று எண்ணினார். நாடு கேட்டது! தந்தை மக்கள் முன்னே தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். மகள் கைதாகி, 2015 பிப்ரவரியில் ஓராண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டு, நிறுத்திவைக்கப்பட்டு, அந்த ஆண்டு மே மாதம் வெளியே வந்தார். ஆயினும் சில மாதங்கள் சிறையில் இருந்தார். கோடீசுவரர் மகள் பருப்புக்காகச் சிறை சென்ற நாடு அது. செருப்பால் அடித்தவர் இரண்டு வாரத்தில் மீண்டும் பறக்க உரிமை பெற்ற நாடு இது.

கெய்க்வாட் விவகாரத்துக்குப் பிறகு, 2017 செப்டம்பரில், மத்திய சர்க்காரின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விதி ஒன்று வகுத்தது. வாயால் வம்பு செய்தால் மூன்று மாதம் வரை தடை. கை நீட்டினால் ஆறு மாதம் வரை தடை. உயிருக்கு ஆபத்து விளைவித்தால் இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தடை. ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி தலைமையில் குழு விசாரிக்கும். நல்ல விதி, வரவேற்கிறோம். ஆனால் விதி புத்தகத்தில் இருந்தால் போதுமா? பதவியின் வாசலில் அது செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறதே!

சூர்யாவின் செயல் எந்த வகை? கெய்க்வாட்டோடு சேர்த்து அவரை நிறுத்த மாட்டோம். அவர் எவரையும் அடிக்கவில்லை. திட்டமிட்டுச் செய்தார் என்று சொல்ல நம்மிடம் சான்று இல்லை. கை தவறிப் பட்டிருக்கலாம். அலட்சியம் என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறோம். ஆனால் ஒன்று கேட்கிறோம்: கதவு திறந்தது தவறுதலாக இருக்கலாம், ஒரு மாதம் வாய் மூடிக்கொண்டதும் தவறுதலா? நிறுவனத்தின் அறிக்கையில் பெயர் விடுபட்டுப் போனதும் கை தவறியதாலா?

மற்றொரு நிகழ்ச்சியையும் அருகே வைத்துப் பார்ப்போம். அமைச்சர் அந்த விளக்கம் சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஜனவரி 24 அன்று, நாகபுரியிலிருந்து மும்பைக்கு வந்த அதே நிறுவனத்தின் விமானத்தில், ஒரு பயணி அவசர வழிக் கதவின் மூடியை அகற்ற முயன்றார். உடனே போலீசில் புகார், வழக்குப் பதிவு, ஏடுகளில் செய்தி! அந்த விமானம் தரை இறங்கிக்கொண்டிருந்தது, திருச்சி விமானமோ தரையில் நின்றது, வேறுபாடு உண்டு. நாம் அதை மறைக்கவில்லை. வானத்தில் செய்தது பெரிய ஆபத்து, வழக்குப் போட்டதும் முறையே. ஆனால், முன்பின் தெரியாத ஒருவரின் செயல் சில நாளில் ஊருக்குத் தெரிய வேண்டும். ஊரறிந்த ஒருவரின் செயல் ஒரு மாதம் வரை ஊருக்குத் தெரியக்கூடாது என்றால், அந்த வேறுபாடு தரைக்கும் வானத்துக்கும் உள்ள வேறுபாடா, பதவிக்கும் பாமரனுக்கும் உள்ள வேறுபாடா?

சென்னைக் கட்டடத்தில் சாரம் கட்டும் தொழிலாளி ஒருவன் முதன்முதலாக விமானம் ஏறி, அந்தச் சிவப்புப் பிடியைத் தொட்டு, கதவு திறந்துகொண்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? வருத்தம் தெரிவித்தார், எழுதி வைத்தோம், அதே விமானத்தில் ஏறி உட்காரும் ஐயா என்பார்களா? கையைப் பிடித்து இறக்கிக் காவலரிடம் ஒப்படைத்திருக்க மாட்டார்களா? இத்தனைக்கும், அவன் அறியாமைக்குக் காரணம் அவன் அல்ல. அவசர வழிக்கு அருகே உட்காருகிறவரிடம் இன்னது செய், இன்னது செய்யாதே என்று ஊழியர் விளக்கிச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. எந்த மொழியில் சொல்கிறார்கள்? சென்னையில் கிளம்பித் திருச்சியில் இறங்குகிற விமானம், ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் தமிழர். ஆனாலும், நம் நாட்டு விமானங்களில் உயிர் காக்கும் அறிவிப்பு பெரும்பாலும் ஒலிப்பது இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான். புரியாத மொழியில் எச்சரித்துவிட்டு, புரியவில்லை என்பதற்காகத் தண்டிப்பது என்ன நீதி? ஆங்கிலமும் இந்தியும் அறிந்த, சட்டம் படித்த பாராளுமன்ற உறுப்பினருக்கு அந்தச் சாக்கும் இல்லை.

பயணியைப் பற்றி இவ்வளவு சொல்கிறோமே, விமானக் கம்பெனிகள் ஆனந்தப்பட வேண்டாம். தாமதம் என்றாலே பயணியின் தலையில் பழியைப் போட்டுவிட்டுத் தப்பிக்க விடமாட்டோம். 2024 ஜனவரி 14 அன்று டெல்லியில் மூடுபனி. கோவாவுக்குப் போகும் இண்டிகோ விமானம் பல மணி நேரம் கிளம்பவில்லை. தாமதம் இன்னும் நீளும் என்று அறிவித்த துணை விமானியை, பாய்ந்து வந்து அடித்தார் ஒரு பயணி. அடித்தவர் மீது வழக்கு வந்தது; வந்தது சரி. அதே நாள் கோவாவிலிருந்து டெல்லி போகவிருந்த இன்னொரு விமானம் மும்பைக்குத் திருப்பிவிடப்பட்டு, பயணிகள் விமானத்தின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதற்காக நிறுவனத்துக்கு 1.20 கோடி ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது.

2025 டிசம்பரில் நடந்தது அதைவிடப் பெரிது. விமானிகளுக்கு வாரத்தில் 36 மணி நேர ஓய்வு போதாது, 48 மணி நேரம் வேண்டும் என்று விதி வந்தது. களைத்த கண்ணோடு விமானம் ஓட்டக் கூடாது என்பதற்காக வந்த விதி. முன்கூட்டியே தெரிந்த விதி. அதற்கேற்ப ஆள் சேர்த்து ஆயத்தம் செய்யாத இண்டிகோ, டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. சர்க்கார் யார் பக்கம் இறங்கி வந்தது? விதியைத் தளர்த்தி, கம்பெனிக்குக் கால அவகாசம் கொடுத்தது! தொழிலாளியின் தூக்கத்தில் கை வைத்துக் கம்பெனியின் தவறை ஈடு கட்டினார்கள். இப்படிப்பட்ட தாமதத்துக்கும் பயணிக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

ஆத்திரம் வரும்; வராமல் இராது. ஆனால் அந்த ஆத்திரத்தில் அடி வாங்குகிறவன் யார் என்று பாருங்கள். கம்பெனி முதலாளி விமான நிலைய மேசையில் உட்காருவதில்லை. அங்கே உட்கார்ந்திருப்பவர் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பெண். சீருடை போட்ட துணை விமானி. ஒப்பந்தக் கூலிக்குப் பெட்டி தூக்கும் பையன். முதலாளிமீது உள்ள கோபத்தைத் தொழிலாளி கன்னத்தில் தீர்ப்பது வீரம் அல்ல. பஸ் தாமதமானால் நடத்துநரின் சட்டையைப் பிடிக்கிறவனுக்கும், விமானம் தாமதமானால் பணிப்பெண்ணைத் திட்டுகிறவனுக்கும் வேறுபாடு, டிக்கெட்டின் விலை மட்டுமே.

நம் தோழர்களுக்கும் ஒரு சொல். பிறர் வீட்டுக் கதவைப் பற்றிப் பேசுகிற நாம், நம் வீட்டுக் கதவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பௌர்ணமி இரவில் திருவண்ணாமலைக்கு வந்து பாருங்கள். 14 கிலோமீட்டர்ப் பாதை, இலட்சக்கணக்கானவர் கால்கள். அவரவர் நம்பிக்கை அவரவருக்கு. அது பற்றி இங்கே வாதம் இல்லை. நாம் பார்க்கச் சொல்வது நடையை. பாதி வழி நடந்து அடி அண்ணாமலையை அடையும்போது, வட்டிக்கடைக்காரருக்கும் வண்டி இழுப்பவருக்கும் ஒரே கால்வலிதான். யாரும் யாரையும் நிறுத்துவதில்லை. முன்னே போகிறவன் நகர்ந்தால் பின்னே வருகிறவன் நகர்கிறான். அந்தக் கூட்டத்துக்குள் ஒரு பெரிய மனிதர் தம் காரைக் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன ஆகும்? ஒரு காருக்காகப் பல்லாயிரம் கால்கள் நிற்கும், நெரிசல் பிறக்கும், குழந்தை அழும். ஒழுங்கு என்பது போலீசின் தடியில் மட்டும் இல்லை, ஒவ்வொருவரும் பின்னால் வருகிறவனை எண்ணிப் பார்ப்பதில் இருக்கிறது.

நம் தலைவர் வருகிறார் என்பதற்காகச் சென்னை பஸ்ஸை வழியில் மறித்து நிறுத்தாதீர்கள். அந்தப் பஸ்ஸில் மருத்துவமனைக்குப் போகிற தாய் இருப்பாள். தேர்வுக்குப் போகிற மாணவன் இருப்பான். மீனம்பாக்கத்தில் விமானம் பிடிக்கப் போகிற தொழிலாளி இருப்பான். மாலை பெரிதாக இருந்தால் தலைவர் பெரியவர் ஆகிவிட மாட்டார். யாரையும் காக்க வைக்காமல் வந்து போகிறவரே பெரியவர். நம்மில் ஒருவர் எம்.பி.யாகவோ எம்.எல்.ஏ.யாகவோ இருந்து, விமானத்தையோ ரயிலையோ தமக்காக நிறுத்தினால், மாற்றார் மேடையில் பேசும் முன்னே நம் மேடையில் நாமே கண்டிக்க வேண்டும். அப்போதுதான் மற்றவரைக் கண்டிக்கும் வாய்க்கு வலிமை வரும்.

நாம் கேட்பவை மிகச் சில, செய்யக் கூடியவை.

பயணியின் நடத்தையால் விமானம் தாமதித்தால், காத்திருந்த பயணிகளுக்கு உண்மையான காரணத்தை அன்றே சொல்ல வேண்டும். பதவியில் இருப்பவர் தாமதத்துக்குக் காரணம் என்றால், பெயரை மறைக்கக் கூடாது; அவர் பொதுமக்கள் வாக்கால் பதவிக்கு வந்தவர், பொதுமக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். 2017ஆம் ஆண்டு விதியில் உள்ள தடையும் விசாரணையும் எம்.பி.க்கும் மேஸ்திரிக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். தாமதத்துக்குக் காரணமான பயணிக்கு, ஒரு மணி நேரம் வரை 5 லட்சம், இரண்டு மணி நேரம் வரை 10 லட்சம், அதற்கு மேல் 15 லட்சம் ரூபாய் என்று தண்டம் விதிக்க 2017 ஏப்ரலில் ஏர் இந்தியா திட்டம் வகுத்ததாகச் செய்தி வந்தது. அந்தத் தொகை சாமானியனை நசுக்கிவிடும். ஆனால் அந்த எண்ணம் தவறல்ல. அறியாமைக்கு அறிவுரை, அலட்சியத்துக்கு அளவான தண்டம், ஆணவத்துக்குக் கடுந்தண்டம் என்று வகுக்கட்டும். வசூலாகும் பணம் கம்பெனியின் கல்லாவுக்குப் போகாமல், காத்துக் கிடந்த பயணிகளுக்கும் அடி வாங்கிய ஊழியருக்கும் போகட்டும். தமிழ்நாட்டில் கிளம்பும், தமிழ்நாட்டில் இறங்கும் ஒவ்வொரு விமானத்திலும் பாதுகாப்பு அறிவிப்பு தமிழில் ஒலிக்கட்டும். அவசர வழிக் கதவின் அருகே தமிழில் எழுதட்டும்.

இவற்றைச் செய்யப் புதிய விமானம் வாங்க வேண்டாம். புதிய நிலையம் கட்ட வேண்டாம். மனம் ஒன்று இருந்தால் போதும்.

பணத்தைத் திருடினால் திரும்பக் கொடுக்கலாம். பொருளைத் திருடினால் மீட்கலாம். பிறருடைய நேரத்தைத் திருடினால் எந்த நீதிமன்றம் அதை மீட்டுக் கொடுக்கும்? கூலிக்காரனுக்கு நேரம்தான் சொத்து. அதை அளந்து விற்றுத்தான் அவன் அரிசி வாங்குகிறான். அந்தச் சொத்தில் கை வைக்கிறவர் எத்தனை பெரிய பதவியில் இருந்தாலும், அவரை நிறுத்திப் பெயர் கேட்கும் துணிவு சர்க்காருக்கு வேண்டும். சர்க்காருக்கு அந்தத் துணிவு வராவிட்டால், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் தோழரே, அந்தக் கேள்வியை நீர் கேளும்! கை நீட்ட வேண்டாம், கத்த வேண்டாம். எழுந்து நின்று, கணீரென்று, ‘யாரால் காத்திருக்கிறோம்?’ என்று கேளும். மறைக்கப்பட்ட பெயர் வெளியே வர அந்த ஒரு கேள்வி போதும்.